கடல் பார்த்த வீட்டுச் சுவரில் ஓதம்: பிரைட்டனில் நான் வாடகைக்கு இருந்த ஆறு மாதம்

2022 ஆகஸ்டில் குளச்சலில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, போனில் பதினொரு படங்களை மட்டும் பார்த்துவிட்டு, ஏறக்குறைய ஆறரை லட்சம் ரூபாயை இங்கிலாந்துக்கு அனுப்பினேன். பிரைட்டன் நகரத்தில் ஒரு வருட முதுகலைப் படிப்பு கிடைத்திருந்தது. படத்தில் இருந்தது இருநூறு வருடப் பழைய மாளிகை. வெள்ளை வெளேரென்று, வளைந்த முகப்போடு, எதிரே கடல். அதன் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் ஒற்றை அறை வீடு, மாதம் 950 பவுண்டு. எனக்கு ஜாமீன் நிற்க அந்த நாட்டில் ஆள் இல்லை என்பதால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்டார்கள், 5,700 பவுண்டு. அதற்கு மேல் ஐந்து வார வாடகை முன்பணம், 1,096 பவுண்டு. அப்பா வாங்கித் தந்த கல்விக் கடனில் பெரும்பங்கு படிப்பு தொடங்கும் முன்னே போய்விட்டது. எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நாங்கள் கடற்கரைக்காரர்கள். "கடல் பக்கம்னா நல்ல காத்து வரும் மக்களே" என்று அம்மா சொன்னாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

அந்த வீட்டில் நான் பட்ட பாட்டுக்கு ஊரின் சரித்திரமே காரணம் என்று பிறகுதான் புரிந்தது. அதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணத்தை அனுப்பியிருக்க மாட்டேன். அதனால் எனக்கு நடந்ததையும், ஊரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செப்டம்பர் 12 போய்ச் சேர்ந்தேன். முதல் ஐந்து வாரம் சொர்க்கம் என்றே சொல்லலாம். பிரைட்டன் கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். அலை திரும்பும்போது கற்கள் உருளும் சத்தம் என் அறை வரை கேட்கும். மாலையில் 1899-இல் திறந்த பேலஸ் பியர் வரை நடப்பேன். பியர் என்றால் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மேடைப் பாலம். மேற்குப் பக்கம் கடலுக்குள் ஒரு இரும்பு எலும்புக்கூடு நிற்கும். 1866-இல் கட்டிய வெஸ்ட் பியரின் மிச்சம் அது. 1975-இல் பாதுகாப்பில்லை என்று மூடிவிட்டார்கள், 2002-இல் ஒரு பகுதி சரிந்தது, 2003-இல் தீப்பிடித்தது. இந்த இரண்டு பியர்களுக்கும் முன்பே 1823-இல் கட்டிய செயின் பியர் ஒன்று இருந்திருக்கிறது, அதை 1896 டிசம்பர் புயல் கொண்டுபோனது. கடல் இந்த ஊரில் எதையெல்லாம் தின்றிருக்கிறது என்பது நான் தினமும் நடந்த பாதையிலேயே எழுதியிருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் தென்மேற்குக் காற்று ஆரம்பித்தது. நம் ஊர்க் கடல்காற்று மாதிரி நினைத்துவிடாதீர்கள். இங்கே அது மழையைச் சுவரில் படுக்கைவாட்டில் கொண்டுவந்து அடிக்கும். ஜன்னல் கண்ணாடியில் உப்பு படியும், துடைத்தால் மறுநாள் மறுபடி படியும். நவம்பர் இரண்டாம் வாரம் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கை வைத்தேன், கை நனைந்தது. கட்டிலை நகர்த்திப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம். அலமாரியில் தொங்கிய குளிர்கோட்டின் முதுகில் பச்சை படர்ந்திருந்தது. செருப்பு, தோல் பை, பெட்டிக்குள் வைத்திருந்த சான்றிதழ் உறை எல்லாமே ஓதம் பிடித்த நாற்றம். அன்று ராத்திரி சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்கையில் பரப்பி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். எந்த ஊர் போனாலும் அசல் சான்றிதழ்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

வீட்டுத் தரகர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது இதுதான்: நீங்கள் சோறு வடிக்கிறீர்கள், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், ஜன்னல் திறப்பதில்லை, அதனால் ஆவி சுவரில் படிகிறது. எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. துணியை உள்ளேதான் காயப்போட்டேன், வெளியே இடம் ஏது? அன்று முதல் பயந்து பயந்து சமைத்தேன். மூன்று வாரம் ரொட்டியும் தயிருமாக ஓட்டினேன். தப்பெல்லாம் என்மேல்தான் என்று நம்பியதுதான் அந்தக் குளிர்காலத்தில் என்னை அதிகம் நோகடித்தது.

இதில் இரண்டு வகை இருக்கிறது, பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சாலும் சமையலாலும் வரும் ஆவி கண்ணாடியிலும் மூலைகளிலும் படியும், துடைத்தால் போய்விடும். வெளியிலிருந்து ஊறிவரும் நீர் மழைக்கு மறுநாள் அதிகமாகும், வெயில் நாளில் குறையும், பூச்சு உப்பி உதிரும், வெள்ளையாக உப்புப் பூக்கும். பத்து பவுண்டுக்கு ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது. அதை வாங்கித் தினமும் காலையில் சுவரையும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுத்தேன். சமைக்காத நாளிலும் மழை பெய்தால் 84 சதவீதம் காட்டியது. போனில் சொன்னது எதற்கும் சாட்சி இருக்காது. பேசிவிட்டு வந்ததும் "இன்று நாம் பேசியது இது" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். நான் நவம்பரில் பேசிய நான்கு போன் அழைப்புகளுக்குக் கடைசியில் எந்த மதிப்பும் இல்லாமல் போனது.

விஷயத்தை எனக்குப் புரியவைத்தவர் மேல்தளத்தில் தனியாக இருந்த எழுபது வயதுப் பெண்மணி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. படியில் பார்த்து, என் இருமலைக் கேட்டு, உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பங்கரூஷ்." எனக்கு விளங்கவில்லை. பிரைட்டன் வட்டாரத்துக்கே உரிய கட்டுமானச் சரக்கு அது. இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவில் உடைந்த செங்கல், கூழாங்கல், சிக்கிமுக்கிக் கல், மணல், கையில் கிடைத்த கல்லெல்லாம் போட்டுச் சுண்ணாம்புக் கலவையை ஊற்றி இறுகவைப்பார்கள். வெளியே வழவழவென்று பூசி வண்ணம் அடித்துவிட்டால் கல் மாளிகை மாதிரி நிற்கும். நீர் புகுந்தால் சுண்ணாம்பு கரையும். ஒரு தண்ணீர்க் குழாயைக் குறிபார்த்துப் பிடித்தால் பாதி பிரைட்டனைக் கரைத்துவிடலாம் என்று ஊரில் ஒரு பேச்சே இருக்கிறதாம். எங்கள் தாத்தா வீடும் சுண்ணாம்புக் காரைதான். அந்தச் சுவர் மூச்சு விடும், அதன்மேல் சிமென்ட் பூசாதே என்று தாத்தா சொல்வார். இங்கே பின்னாளில் வந்தவர்கள் சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பூசியிருந்தார்கள். உள்ளே போன நீருக்கு வெளியே வர வழியில்லை.

அதற்கப்புறம்தான் ஊரின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஃபால்மரில் 'த கீப்' என்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய வரைபடங்கள், தெருவாரியான பெயர்ப் பட்டியல்கள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வீட்டை விட அங்கே சூடாக இருந்தது என்பதும் நான் அடிக்கடி போனதற்கு ஒரு காரணம்.

பிரைட்டன் முதலில் பிரைட்டெல்ம்ஸ்டன் என்ற மீனவக் குடியிருப்பு. 1703, 1705 புயல்களில் கடலை ஒட்டியிருந்த கீழ்ப்பகுதி அழிந்தது. கடலை அறிந்த அந்த மக்கள் மேட்டில் சந்து சந்தாக நெருக்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு 1750-இல் பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த ரிச்சர்ட் ரசல் என்ற மருத்துவர், கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சொன்னார். நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். சக்கரம் வைத்த மரக் கூண்டுக்குள் உடை மாற்றி, அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய் முங்கி எழுவார்கள். முக்கிவிடுவதற்கென்றே ஊர்ப் பெண்கள் இருந்தார்கள், அவர்களில் மார்த்தா கன் பெயர் போனவர். 1783-இல் பட்டத்து இளவரசர் வந்தார், பிற்காலத்து நான்காம் ஜார்ஜ். அவர் பின்னாலேயே லண்டன் பணக்காரர்களும் வந்தார்கள். 1801-இல் சுமார் 7,000 பேர் இருந்த ஊரில் 1851-இல் 65,000 பேர். ஐம்பது வருடத்தில் ஒன்பது மடங்கு. அத்தனை பேருக்கும் வேகவேகமாக வீடு வேண்டும், அதுவும் மாளிகை மாதிரி தெரிய வேண்டும். பங்கரூஷ் அங்கேதான் கைகொடுத்தது.

ஊரின் கிழக்கே கெம்ப் டவுன் என்ற குடியிருப்பைக் கட்டிய கதையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாமஸ் ரீட் கெம்ப் என்பவர் 1823-இல் தொடங்கியது. முகப்பையும் கூட்டையும் ஒரே அளவாகக் கட்டி நிறுத்திவிடுவார்கள், உள்வேலையெல்லாம் வீட்டை வாங்குபவரின் பாடு. கெம்ப்புக்குக் கடன் கழுத்துக்கு மேல் ஏறி 1837-இல் நாட்டை விட்டே போனார். நான் இருந்த தெருவும் அதே காலத்தது. ஒரு நாள் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முன்னால் தூண்களும் வளைவுகளும் இருக்க, பின்னால் பூச்சு உதிர்ந்து, கல்லும் ஓட்டுத் துண்டும் பல்லிளித்துக்கொண்டு நின்றன. எனக்கு அனுப்பிய பதினொரு படங்களில் பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. வீடு பார்க்கப் போனால், அல்லது வீடியோவில் யாரையாவது காட்டச் சொன்னால், முதலில் பின்சுவரைக் காட்டச் சொல்லுங்கள்.

என் அறையின் கதையும் காப்பகத்தில்தான் தெளிந்தது. தரைக்குக் கீழே இருந்த அந்தத் தளம் வேலைக்காரர்களின் சமையற்கட்டு. அங்கே நாள் முழுக்க அடுப்பு எரிந்திருக்கும். மேலே ஒவ்வொரு அறையிலும் கணப்பு, ஒவ்வொரு கணப்புக்கும் கரி சுமக்க ஆள். நெருப்பு எரியும்போது புகைபோக்கி ஈரக்காற்றை இழுத்து வெளியே தள்ளும். அந்த வீடு காய்ந்து கிடந்தது அப்படித்தான். பிறகு 1841-இல் லண்டனிலிருந்து ரயில் வந்தது, ஒருநாள் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விக்டோரியா அரசிக்கு இந்த நெரிசல் பிடிக்கவில்லை, 1845-க்குப் பிறகு அவர் இங்கே வந்து தங்கவில்லை, நான்காம் ஜார்ஜ் கட்டிய ராயல் பெவிலியன் என்ற அரண்மனையை 1850-இல் நகரத்துக்கே விற்றுவிட்டார்கள். பெரிய குடும்பங்கள் கைவிட்ட மாளிகைகள் காலப்போக்கில் தங்கும் விடுதிகளாகி, அப்புறம் அறை அறையாகத் தடுத்து வாடகைக்குப் போயின. என் வீட்டுப் பழைய பட்டியலிலும் 'தங்கும் விடுதி' என்றே இருந்தது. கணப்புகளைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். ஐந்து தளத்துக்கு நெருப்பு மூட்டி வாழ்ந்த வீட்டில் நான் ஒரே ஒரு மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஹீட்டர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022 குளிர்காலத்தில் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 34 பென்ஸ். 2 கிலோவாட் ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினால் 12 யூனிட், நாளொன்றுக்கு நான்கு பவுண்டுக்கு மேல், மாதம் 120 பவுண்டு. வாடகைப் பேச்சில் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டின் ஆற்றல் திறன் சான்றிதழை அரசின் தளத்தில் முகவரி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். ஏ முதல் ஜி வரை தரம் போட்டிருக்கும். பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் இருந்தால் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடக்கூட அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலும் பழைய ஒற்றைக் கண்ணாடிதான் இருக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை 165 பவுண்டுக்கு வாங்கினேன். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டும்போதெல்லாம், இவ்வளவையும் நான் மூச்சில் விட்டேன் என்றா சொல்கிறீர்கள் என்று மனதுக்குள் சண்டை போடுவேன்.

கிறிஸ்துமஸ் நாள்தான் அடிமட்டம். டிசம்பர் 25 அன்று இங்கிலாந்தில் ரயில் ஓடாது என்பதே எனக்குத் தெரியாது, லண்டனில் தோழி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. காய்ச்சல் வேறு. அம்மா வீடியோவில் வந்து "மக்களே, இன்னும் இருமுதியே, ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றாள். போனேன் என்று பொய் சொன்னேன். அங்கே போன முதல் வாரமே பக்கத்து மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்க வேண்டும். நான் ஜனவரியில்தான் பதிந்தேன். குளிருக்கு முன் செய்துவிடுங்கள், உடம்பு முடியாத நாளில் படிவம் நிரப்ப முடியாது.

காய்ச்சல் விட்டபின் மேல்தளத்து அம்மையார் என்னைச் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். ஒரு கல்லறையைக் காட்டினார். சேக் தீன் முகமது. பாட்னாவில் 1759-இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்து, அயர்லாந்து வந்து, 1794-இல் ஆங்கிலத்தில் தன் பயண நூலை வெளியிட்டவர். 1810-இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தார், இரண்டே வருடத்தில் திவாலானார். பிறகு பிரைட்டன் வந்து நீராவிக் குளியலும் மூலிகை எண்ணெய் பிடித்துவிடுவதுமாகக் குளியல் நிலையம் நடத்தி, நான்காம் ஜார்ஜுக்கும் நான்காம் வில்லியமுக்கும் அந்த வைத்தியராகவே நியமனம் பெற்றார். அப்படி உடம்பு பிடித்துவிடுவதற்கு அன்று பெயரான ஷாம்பு என்ற சொல்லை இங்கிலாந்தில் பரப்பியவர் இவர்தான். 1851-இல் இதே ஊரில் இறந்தார். கையில் காசில்லாமல் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் இங்கே வந்து இறங்கியிருக்கிறார் என்பது அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தக் கல் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

அரண்மனைக்கும் மறுபடி போனேன், இந்த முறை வேறு கண்ணோடு. ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 தொடங்கி இந்தியக் கும்மட்டங்களோடு மாற்றிக் கட்டிய அரண்மனையின் கூரை, புதுச் சரக்கை நம்பிப் பூசியதால் ஆரம்பத்திலிருந்தே ஒழுகியிருக்கிறது. முதல் உலகப் போரில், 1914 டிசம்பரிலிருந்து, அது காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. மத, சாதி வழக்கப்படி தனித்தனிச் சமையற்கட்டுகள் வைத்தார்கள். பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றில் தகனம் செய்த இடத்தில் 1921-இல் திறந்த சத்ரி என்ற நினைவு மண்டபம் வெள்ளைப் பளிங்கில் நிற்கிறது. பேட்சம் என்ற பகுதியிலிருந்து நடந்துதான் போக வேண்டும். நல்ல காலணி போட்டுக்கொண்டு போங்கள், பாதை சேறு.

சரி, வீட்டு விஷயம். ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்குப் பின் விலகலாம் என்ற விதி இருந்தது, இரண்டு மாத முன்னறிவிப்போடு. அதைக்கூட ஆசிரியையம்மாதான் படித்துக் காட்டினார். ஜனவரியில் எழுத்தில் கொடுத்தேன். நகராட்சியின் தனியார் வாடகைவீட்டுப் பிரிவுக்கும் எழுதினேன், அதற்குக் கட்டணம் இல்லை. ஒருவர் வந்து பார்த்து, வெளிச்சுவர் வழியாக நீர் ஊறுகிறது என்று எழுதிக் கொடுத்தார். மனிதர் குடியிருக்கத் தகுதியான நிலையில் வீடு இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2018-இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது, அதையும் குறிப்பிட்டுக் கடிதம் போட்டேன். மார்ச்சில் லூயிஸ் ரோடு பக்கம், கடலே தெரியாத ஒரு சாதாரண வீட்டில் மாடி அறைக்கு மாறினேன். முதல் இரவு துணி காய்ந்ததைத் தொட்டுப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

முன்பணத்தில் பூசணம் துடைக்க, வண்ணம் அடிக்க என்று 680 பவுண்டு பிடிக்கப்போவதாக எழுதினார்கள். இங்கிலாந்தில் முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்தாக வேண்டும். தகராறு வந்தால் அந்தத் திட்டமே கட்டணமில்லாமல் தீர்ப்புச் சொல்லும். என் தேதியிட்ட படங்கள், மீட்டர் அளவுகள், மின்னஞ்சல்கள், நகராட்சிக் கடிதம் எல்லாம் அனுப்பினேன். 90 பவுண்டு மட்டும் பிடிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. கதவில் நான் ஒட்டிய கொக்கிக்கு. மின்சாரத்தில் கூடுதலாகப் போனது 420, இயந்திரம் 165, பாழான கோட்டும் பையும் செருப்பும் 200, மாறிய வண்டிக்கூலி 80. பிடித்த அந்த 90-ஐயும் சேர்த்து மொத்தம் 955 பவுண்டு, அந்தக் கணக்கில் தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பருவத் தேர்வும் போனது. பல மாத வாடகையை முன்கூட்டியே கேட்பதை 2025-இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே முதல் கட்டுப்படுத்துகிறது. அப்படி யாராவது கேட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

போன வாரம் திங்கள்சந்தையிலிருந்து ஒரு தங்கச்சி, பிரைட்டனில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது அக்கா, இந்த வீடு எப்படி என்று ஒன்பது படம் அனுப்பியிருந்தாள். வெள்ளை முகப்பு, வளைந்த ஜன்னல், கடல். கணப்பை அடைத்திருக்கிறார்களா, அதில் காற்றுத் துளை இருக்கிறதா, பின்சுவர் எப்படி இருக்கிறது, கட்டிலை நகர்த்தி ஒரு படம் எடுத்துத் தரச் சொல் என்றேன். இதுவரை கட்டிலை நகர்த்தி எடுத்த அந்தப் படம் வரவில்லை. அவளும் பணம் அனுப்பவில்லை.